பருவத்தை நம்பி வாழ்ந்த கரையூர்கள்

கமம் செய்பவருக்குப் பருவம் என்றால் என்னவென்று எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மழை பிந்தினால் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் அறுவடையும் பிந்தும், அடகு வைத்த நகையை மீட்பதும் பிந்தும். ஆனால் நெல்லையும் வெங்காயத்தையும் அல்லாமல், மற்றவர்களின் விடுமுறை நாட்களையே விளைச்சலாக நம்பி வாழ்ந்த ஊர்களும் உலகில் உண்டு. கோடையில் நாலு மாதம் சனக்கூட்டம். எஞ்சிய எட்டு மாதம் பூட்டிய கதவுகள். அத்தகைய ஊர்கள் எப்படித் தோன்றின, ஏன் விழுந்தன, மீண்டும் எழ என்ன செய்தன என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

இது எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் கரையோரக் கிராமங்களுக்குத் திரும்பிய குடும்பங்களிடமும், இன்னும் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களிடமும் இப்போது சில கேள்விகள் எழுகின்றன. “எங்கள் கரையில் ஹோட்டல் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? காணிக்கு நல்ல விலை வந்தால் விற்கலாமா? தோட்டத்து மரக்கறியை அவர்கள் வாங்குவார்களா?” இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தேட, கடற்கரை விடுமுறை என்ற பழக்கம் முதலில் வேரூன்றிய நாடான இங்கிலாந்தின் அனுபவத்தைப் பார்ப்போம். அங்கே இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு உண்டு. லாபமும் நட்டமும் இரண்டுமே அதில் எழுதப்பட்டுள்ளன.

இப்பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. இறுதியில் கலந்துரையாடலுக்கான வினாக்கள் உள்ளன.

கடல் மருந்தாக இருந்த காலம்

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் எவரும் இன்பத்துக்காகக் கடற்கரைக்குப் போகவில்லை. கடல் என்பது மீன்பிடிக்கும் இடம், கப்பல் உடையும் இடம், அவ்வளவே. செல்வந்தர்கள் உடல்நலத்துக்காக உள்நாட்டு ஊற்றுகளை நாடினார்கள். வடகிழக்குக் கரையிலுள்ள ஸ்காபறோ என்ற ஊரில் 1626 ஆம் ஆண்டளவில் கடலோரத்திலேயே ஒரு தாது நீரூற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது. ஊற்று நீரைக் குடிக்க வந்தவர்கள் காலப்போக்கில் பக்கத்திலிருந்த கடலிலும் இறங்கினார்கள். 1735 இல் வரையப்பட்ட ஒரு படத்தில் அங்கே மக்கள் கடலில் குளிப்பதைக் காணலாம்.

1750 இல் றிச்சட் றஸல் என்ற வைத்தியர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்ல மருந்து என்று ஒரு நூல் எழுதினார். குளிப்பது மட்டுமல்ல, குடிக்கவும் வேண்டும் என்றார். கடல்நீரைக் குடித்து எவருக்கும் நோய் தீராது என்பது இன்று எமக்குத் தெரியும். ஆயினும் அந்த நூல் ஒரு மீன்பிடி ஊரின் தலைவிதியை மாற்றிவிட்டது. அந்த ஊர்தான் பிறைற்றன். புயல்களால் அடிபட்டு, மீன்பிடி குன்றி, வறுமையில் கிடந்த ஊர் அது. 1783 இல் இளவரசர் அங்கு வந்தார். பின்னர் மாளிகையும் கட்டினார். இளவரசர் போன இடத்துக்குப் பிரபுக்களும், பிரபுக்கள் போன இடத்துக்கு வியாபாரிகளும் போனார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிப்போம். அந்தக் கரையைத் தேடிப் பணக்காரர் வந்தது கரையோர மக்கள் செய்த எதனாலும் அல்ல. வெளியில் ஒரு நம்பிக்கை பிறந்தது, அதனால் வந்தார்கள். வெளியிலிருந்து வந்த அந்த நல்ல காலம் வெளிக் காரணங்களாலேயே போகவும் கூடும். இதைப் பின்னர் காண்போம்.

தானியத் தோணியில் வந்த விருந்தாளிகள்

இலண்டனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரத்தில், கென்ற் மாவட்டத்தின் முனையில் உள்ளது மார்கேற். இந்த ஊரின் கதையை நாம் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனென்றால் இது கமக்காரரோடு தொடங்கும் கதை.

மார்கேற்றைச் சூழ்ந்த நிலம் நல்ல தானியம் விளையும் நிலம். அத் தானியத்தை இலண்டன் சந்தைக்குக் கொண்டுபோகச் சிறிய பாய்த்தோணிகள் ஓடின. தானியத்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய தோணிகள், காலப்போக்கில் இலண்டன்வாசிகளைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிவரத் தொடங்கின. காற்று வாய்த்தால் ஒரு பகலில் வந்து சேரலாம். வாய்க்காவிட்டால் இரண்டு மூன்று நாட்களும் ஆகும். பிறைற்றனுக்குக் குதிரை வண்டியில் போக வசதியில்லாத சாதாரண கடைக்காரரும் கைத்தொழிலாளரும் இந்தத் தோணிகளால் கடலைக் கண்டார்கள். 1736 இலேயே மார்கேற்றில் ஒரு தச்சர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்துப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். குளிக்க வருவோர் ஆடை மாற்ற, சில்லுப் பூட்டிய மரக்கூடுகள் குதிரைகளால் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டன. அவற்றுக்கு மறைப்புத் துணி பூட்டிச் சீர்செய்தவரும் அவ்வூர்க் கையுறை வியாபாரி ஒருவரே.

ஏழைகளையும் அவ்வூர் மறக்கவில்லை. கண்டமாலை போன்ற காசநோய் வகைகளால் வருந்திய ஏழைகளுக்கென 1791 இல் ஓர் அமைப்பு உருவாகி, 1796 இல் கடற்குளியல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. நல்ல காற்றும் வெயிலும் நோயாளருக்குத் தேவை என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

1815 முதல் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1830களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கப்பலில் மார்கேற்றுக்கு வந்தார்கள். 1846 இல் புகையிரதம் வந்தது. தோணிக்காரருக்கு இனி வேலையில்லை. ஆனால் அறை வாடகைக்கு விடுவோருக்கும் பால், முட்டை, மரக்கறி விற்போருக்கும் வேலை கூடியது. 1920 இல் மரத்தாலான பெரிய உருள்வண்டிப் பாதை ஒன்று ‘ட்றீம்லான்ட்’ என்ற களியாட்டப் பூங்காவில் அமைக்கப்பட்டது. கோடை நாட்களில் மணலில் கால் வைக்க இடமிராது என்று சொல்லுமளவுக்குக் கூட்டம் வந்தது.

ஆலைத் தொழிலாளரின் ஒரு வாரம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பிளக்பூல் என்ற ஊரின் கதை வேறு விதமானது. அதன் பின்னால் பருத்தி ஆலைப் பட்டினங்கள் இருந்தன. ஆலைகள் ஆண்டில் ஒரு வாரம் மூடப்பட்டு இயந்திரங்கள் பழுதுபார்க்கப்படும். எல்லாப் பட்டினங்களும் ஒரே வாரத்தில் மூடுவதில்லை. இந்த வாரம் ஒரு பட்டினம், அடுத்த வாரம் இன்னொன்று என முறை வைத்து மூடின. ஆகவே பிளக்பூலுக்கு வாரம் தவறாமல் புதிய கூட்டம் வந்தது. எமது குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல எனலாம். எல்லாரும் ஒரே நாளில் மடையைத் திறந்தால் எவருக்கும் பயனில்லை.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே தொழிலாளர்கள் ஆலையிலும் தெருவிலும் சேமிப்புச் சங்கங்களை அமைத்தார்கள். ஆண்டு முழுவதும் வாரா வாரம் சிறுதொகை கட்டி, விடுமுறைக்கு முன் மொத்தமாக எடுத்தார்கள். எங்கள் பெண்கள் பிடிக்கும் சீட்டை ஒத்த ஏற்பாடு இது. அயலவர்கள் சேர்ந்தே பயணம் போனார்கள்; ஆண்டுதோறும் அதே வீட்டில் தங்கினார்கள். அந்த வீடுகளை நடத்தியவர்களிற் பலர் அதே ஆலைப் பட்டினங்களிலிருந்து வந்து குடியேறிய பெண்கள். விருந்தாளி தன் இறைச்சியையும் கிழங்கையும் வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்காரி சமைத்துக் கொடுப்பார். பெரிய மூலதனம் தேவையில்லை. ஒரு வீடும், உழைக்கும் இரண்டு கைகளும் போதுமாயிருந்தன.

சட்டமும் துணைவந்தது. 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் பொது விடுமுறை நாட்களைத் தந்தது. 1938 இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சட்டம் நிறைவேறியது. கடற்கரைக்கு எவர் போக முடியும் என்பதைச் சட்டமும் கூலியும் தீர்மானித்தன என்பதை இதனால் அறிகிறோம்.

காணி பற்றிய ஒரு குறிப்பும் இங்கு முக்கியம். பிளக்பூலின் நடுப்பகுதியில் காணிகள் பல சிறு உரிமையாளர் கையில் துண்டு துண்டாக இருந்தன. அதனால் சிறிய விடுதிகளும் பெட்டிக்கடைகளும் பெருகி, சாதாரண மக்களுக்கான ஊராக அது வளர்ந்தது. பக்கத்திலுள்ள லித்தம் என்ற ஊரிலோ நிலம் பெரும்பாலும் ஒரே பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. எவர் கட்டலாம், எதைக் கட்டலாம் என்பதை அக்குடும்பம் தீர்மானித்தது. அந்த ஊர் அமைதியான, வசதியானோருக்கான ஊராயிற்று. கடலும் காற்றும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். காணி எவர் கையில் இருந்ததோ அதற்கேற்பவே ஊரின் முகமும் அமைந்தது.

பருவத்தை நீட்டும் உபாயத்தையும் பிளக்பூல் கண்டுபிடித்தது. 1879 செப்ரெம்பரில் எட்டு மின்விளக்குகளைக் கடற்கரை வீதியில் ஏற்றி மக்களைக் கூட்டினார்கள். 1912 முதல் அது பெரிய விளக்கு விழாவாக வளர்ந்தது. கோடை முடிந்து குளிர் தொடங்கும் வாரங்களில், வீதியில் நடந்துபோகும் எவரும் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய விழா அது. பார்க்க வந்தவர்கள் தங்கினார்கள், உண்டார்கள். விடுதிக்காரருக்கு மேலும் சில வார வருமானம் கிடைத்தது.

வீழ்ச்சி எப்படி வந்தது?

1950 இல் ஒரு பயண நிறுவனம் இலண்டனிலிருந்து கோர்சிக்கா தீவுக்கு விமானத்தில் ஆட்களை ஏற்றிச் சென்றது. பயணம், தங்குமிடம், சாப்பாடு யாவும் ஒரே விலைக்குள் அடங்கின. 1960களிலும் 1970களிலும் இவ்வகைப் பயணம் மலிந்தது. இங்கிலாந்தின் கோடையில் மழையும் பெய்யும். ஸ்பானியாவில் வெயில் நிச்சயம். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். அதே காலத்தில் பருத்தி ஆலைகளும் ஒன்றொன்றாக மூடப்பட்டன. பிளக்பூலுக்கு வாரா வாரம் ஆட்களை அனுப்பிய பட்டினங்களே வறண்டு போயின.

மார்கேற்றில் 1978 யனவரியில் வீசிய புயல், 1855 முதல் கடலுக்குள் நீண்டு நின்ற இறங்குதுறையை உடைத்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. ஊர் இறங்கிச் சென்ற காலத்துக்கு அது ஓர் அடையாளமாயிற்று.

பின்னர் நடந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விருந்தாளிகள் வராதபோது பெரிய விடுதிகளை என்ன செய்வது? உரிமையாளர்கள் அவற்றை ஒற்றை அறைகளாகப் பிரித்து மாத வாடகைக்கு விட்டார்கள். மார்கேற்றின் கிளிவ்ற்றன்வில் பகுதியில் இது மிகுதியாக நடந்தது. வாடகை குறைவு, ஆகவே வேலையற்றோரும் நோயாளரும் அங்கே வந்து சேர்ந்தனர். இலண்டன் உள்ளூராட்சி மன்றங்கள் தம்மிடம் வீடில்லாதவர்களையும் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளையும் அங்கே அனுப்பின. 1990களின் இறுதியில், போரிலிருந்து தப்பிப் புகலிடம் தேடி வந்தவர்களும் பழைய ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டனர். பாடசாலைக் கட்டடத்திலும் நெற்களஞ்சியத்திலும் குடும்பத்தோடு படுத்தெழுந்த எமக்கு இது புரியும். மற்றொரு தேவைக்குக் கட்டிய கட்டடத்தில், மற்றவர்களின் முடிவின்படி தங்கியிருப்பது வாழ்வாகிவிடாது. ஊர்மக்கள் வந்தவர்களைக் குறைசொன்னார்கள். ஆனால் ஊர் தாழ்ந்தது வந்தவர்களால் அல்ல. தாழ்ந்த ஊரில் வாடகை மலிவு என்பதாலேயே அவர்கள் அங்கு அனுப்பப்பட்டார்கள். காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிய நாமும் பழக வேண்டும்.

ட்றீம்லான்ட் பூங்காவை மூடிக் காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தப்போவதாக 2003 இல் செய்தி வந்தது. ஊரவர்கள் எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். பழைய மர உருள்வண்டிப் பாதை 2002 இலேயே பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாகப் பதியப்பட்டிருந்தது. 2008 ஏப்ரலில் தீ மூண்டு அதன் ஒரு பகுதியை எரித்தது.

மீண்டும் எழுதல்

ஊரை எழுப்ப என்ன செய்யலாம்? இரண்டு ஊர்களும் இரண்டு விதமாக முயன்றன.

பிளக்பூல் முதலில் மிகப் பெரிய சூதாட்டக்கூடம் ஒன்றை எதிர்பார்த்தது. நாட்டில் ஒன்றுக்கே அனுமதி. 2007 யனவரியில் அதற்கு மன்செஸ்ரர் நகரம் சிபாரிசு செய்யப்பட்டது. பின்னர் அங்கும் அது கட்டப்படவில்லை. ஒரே பெரிய திட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் வீணாயிற்று. அதன்பின் நகரசபை வேறு வழியில் இறங்கியது. 1894 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற கோபுரத்தையும் பழைய கலையரங்கையும் 2010 இல் தானே வாங்கியது. கடலரிப்பைத் தடுக்கும் அணையைக் கட்டும்போதே மக்கள் உட்காரவும் நடக்கவும் ஏற்ற படிகளாக அதை அமைத்தது. பாதுகாப்புக்குச் செலவிட்ட பணமே ஊருக்கு அழகையும் தந்தது.

மார்கேற் ஓவியத்தை நம்பியது. ஆங்கிலேயரின் மாபெரும் ஓவியர் ரேணர் சிறுவயதில் அவ்வூரிற் படித்தவர். பிற்காலத்தில் அங்கு ஒரு பெண்மணியின் விடுதி வீட்டில் அடிக்கடி தங்கியவர். அந்த வீடு இருந்த இடத்திலேயே ஓவியக்கூடம் கட்ட முடிவாயிற்று. முதலிற் கடலுக்குள்ளேயே கட்ட வரைந்த திட்டம், செலவு எல்லைமீறியதால் 2006 இற் கைவிடப்பட்டது. பின்னர் கரையில் எளிமையாக, 175 இலட்சம் பவுண் செலவிற் கட்டப்பட்டு 2011 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வருவர் என்று கணித்தார்கள். முதல் ஆண்டில் வந்தவர்கள் ஐந்து இலட்சத்தை அண்மித்தனர். 2009 இல் இலண்டனிலிருந்து விரைவுப் புகையிரதம் ஓடத் தொடங்கி, பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்ததும் ஒரு முக்கிய காரணம். பாதை இல்லாவிட்டால் ஓவியம் இருந்தும் பயனில்லை.

ட்றீம்லான்டை உள்ளூராட்சி மன்றம் சட்டப்படி சுவீகரித்துப் புதுப்பித்து 2015 இற் திறந்தது. அதை நடத்திய நிறுவனம் மறு ஆண்டே கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. பூங்கா மூடப்படவில்லை, ஆனால் மீளெழுச்சி என்பது ஒரு திறப்புவிழாவோடு முடிவதல்ல என்பதை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

யாருக்கு வந்தது நன்மை?

மார்கேற்றின் பழைய தெருக்களிற் கடைகள் திறந்தன. உணவகங்களும் ஓவியர்களின் பட்டறைகளும் வந்தன. இளைஞருக்கு வேலை கிடைத்தது. இது உண்மை.

வீட்டு விலையும் வாடகையும் ஏறின. இலண்டனிலிருந்து வந்தவர்கள் வீடுகளை வாங்கினார்கள்; பல வீடுகள் குறுகிய கால விருந்தாளிகளுக்கு விடப்பட்டன. அதே ஊரிற் பிறந்து வளர்ந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் தவித்தார்கள். இதுவும் உண்மை. ஏழைகளுக்கெனத் தொடங்கிய கடற்குளியல் வைத்தியசாலை 1996 இல் மூடப்பட்டு, பின்னர் கடலை நோக்கிய வசதியான அடுக்கு வீடுகளாக மாற்றப்பட்டது. இருநூறு ஆண்டு வரலாற்றை அந்த ஒரு கட்டடமே சொல்லிவிடும்.

2019 ஏப்ரலில் பிரித்தானிய பிரபுக்கள் சபையின் குழுவொன்று கரையோரப் பட்டினங்கள் பற்றி அறிக்கை வெளியிட்டது. போக்குவரத்து, கல்வி, வீடமைப்பு ஆகியவற்றைச் சீராக்காமல் இந்த ஊர்கள் நிமிர முடியாது என்பதே அதன் சாரம். 2021 இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கரையோர மக்களின் உடல்நலம் பற்றித் தனி அறிக்கை எழுதினார். உடல்நலத்துக்காக மக்கள் தேடிச்சென்ற ஊர்களிலேயே நோயும் குறைந்த ஆயுளும் மிகுந்து காணப்பட்டன. விருந்தாளிக்கு விளக்கேற்றிய ஊர், தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் கவனிக்காவிட்டால் நிகழ்வது இதுதான்.

எமது கரையோரம்

இலங்கையில் உல்லாசப் பயணச் சபை 1966 இல் அமைந்தது. தென்மேற்கில் பெந்தோட்டை முதலில் வளர்ந்தது. கிழக்கில் பாசிக்குடா, நிலாவெளி ஆகிய கரைகளிலும் 1970களில் ஹோட்டல்கள் வந்தன. 1982 இல் நாட்டுக்கு நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். 1983 யூலையின் பின் அத்தொகை வீழ்ந்து, 1987 இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைந்தது. கிழக்கின் ஹோட்டல்கள் போரில் அழிந்தன. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை எஞ்சியதையும் அடித்தது. போர் முடிந்தபின், 2011 தொடக்கம், பாசிக்குடாவிற் புதிய ஹோட்டல்கள் எழுந்தன.

2018 இல் நாட்டுக்கு வந்தவர் 23 இலட்சம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, பின்னர் கொரோனா நோய் என்பவற்றால் 2021 இல் அது இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. மூன்று ஆண்டில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகச் சரிந்து, மீண்டும் மூன்று ஆண்டில் எழும் விளைச்சலை நாம் எந்த வயலிலும் கண்டதில்லை. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

கிழக்குக் கரையின் பருவத்தையும் கவனிப்போம். கடல் அமைதியாகி விருந்தாளிகள் வருவது பெரும்பாலும் மே முதல் செப்ரெம்பர் வரை. மானாவாரி நெற்செய்கைக்கு அது ஓய்வுக் காலம்; பெரும்போக வேலை மழையோடு ஒக்ரோபரிற் தொடங்கும். ஆகவே வயலும் விடுதி வேலையும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்தக்கூடியவை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் கரைவலைக்காரரின் நிலை வேறு. அவர்கள் வலை இழுப்பதும் அந்த அமைதியான மாதங்களில்தான். அதே மணலில் குடையும் சாய்கதிரையும் வைக்க ஹோட்டல் விரும்பும்போது பிணக்கு எழுகின்றது. கமக்காரருக்கு நன்மையானது மீனவ அயலவருக்குத் தீமையாகலாம். இதைப் பேசித் தீர்க்காமல் ஒரு கிராமம் முன்னேற முடியாது.

காணி பற்றிய கசப்பான அனுபவமும் எமக்கு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. மீனவருக்குத் தடை, ஹோட்டலுக்கு வழியா என்று அப்போது மக்கள் கேட்டார்கள். அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் 2010 யூலையில் கமக்காரக் குடும்பங்கள் தம் கரையோரக் காணிகளிலிருந்து விரட்டப்பட்டன. அக்காணிகளிற் படை முகாமும் ஹோட்டலும் எழுந்தன. மக்கள் விடாமல் முறையிட்டார்கள். 2015 பெப்ரவரியில் காணியின் பெரும்பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறத் தாமதமானபோது, 2016 இல் மக்கள் தாமே சென்று குடியேறினர்.

நாம் கற்கும் பாடங்கள்

1. காணியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். பிளக்பூலிற் சாதாரண மக்கள் பிழைத்தது சிறு காணிகள் பல கைகளில் இருந்ததால். விற்ற பணம் சில ஆண்டில் கரையும்; காணி திரும்பாது. இடப்பெயர்வில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால், எவரும் விலை பேச வருமுன்னரே காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பிரதிகளைப் பெற முயலுங்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரர், கணவரை இழந்த பெண்கள் ஆகியோரின் பங்கும் எழுத்தில் தெளிவாகட்டும்.

2. சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். ஹோட்டலின் கத்தரிக்காயும் முட்டையும் தூரத்துச் சந்தையிலிருந்து லொறியில் வந்தால், பக்கத்துத் தோட்டக்காரருக்கு மிஞ்சுவது வாகனப் புழுதி மட்டுமே. ஹோட்டலுக்குத் தேவை ஒவ்வொரு நாளும் ஒரே அளவு, ஒரே தரம். தனியொருவரால் அது முடியாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, இருவார இடைவெளி விட்டு மாறி மாறி நடுகை செய்தால் முடியும். கீரை, பப்பாசி, இளநீர், தயிர், முட்டை என்பவற்றைக் கொண்டு தொடங்கலாம். பணம் மாத முடிவில்தான் கிடைக்கும் என்றால், அதுவரை தாங்க ஒரு பொதுச் சேமிப்புத் தேவை.

3. ஒற்றைப் பருவத்தை நம்ப வேண்டாம். விடுதி வேலைக்குப் போகும் மகன் பெரும்போக விதைப்புக்கு வீட்டுக்கு வரட்டும். நல்ல பருவத்து வருமானத்தில் ஒரு பங்கை வெறும் மாதங்களுக்கென ஒதுக்குங்கள். ஆலைத் தொழிலாளர் விடுமுறையிற் செலவிடச் சேமித்தார்கள். நாம் பருவம் பொய்த்தால் உண்ணச் சேமிப்போம்.

4. பொது உரிமைகளை எழுத்திற் பெறுங்கள். கடலுக்குப் போகும் வழி, கரைவலைப் பாடு, தோணி ஏற்றும் இடம், கிணற்று நீர், கழிவு போகும் இடம் ஆகியவை பற்றி அத்திவாரம் வெட்டுமுன் கேளுங்கள். கட்டி முடிந்தபின் கேட்டால் மதில்தான் பதில் சொல்லும். கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்தே போவது நல்லது.

5. விருந்தாளிக்கு முன் பிள்ளை. மொழி, சமையல், கணக்கு, மின்வேலை ஆகியவற்றிற் பயிற்சி இல்லாத பிள்ளைக்குக் கிடைப்பது கூட்டும் வேலை மட்டுமே. ஹோட்டல் எழுமுன் பயிற்சி எழ வேண்டும். பாதையும் பாடசாலையும் மருந்தகமும் ஊருக்காக வரட்டும். அவற்றை விருந்தாளியும் பயன்படுத்தட்டும்.

கடற்கரைக்கு மக்கள் வருவது நல்லதே. கடலைக் காணும் ஆசை எல்லா நாட்டவருக்கும் உண்டு. அந்த ஆசையால் பல ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்ததையும் கண்டோம். ஆனால் வருகிறவர்கள் ஒருநாள் வராமலும் விடுவார்கள். அன்றைக்கு எமது கையிற் காணி இருக்க வேண்டும், வயலில் விதை இருக்க வேண்டும், அயலவரோடு நல்லுறவு இருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அடுத்த பருவம்வரை தாக்குப்பிடிக்கலாம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது கரையோரத்துக்கு அல்லது அயற் கிராமத்துக்கு விருந்தாளிகள் எந்த மாதங்களில் வருகிறார்கள்? அம்மாதங்களில் எமது வயல், தோட்ட, கடல் வேலைகள் எவை? மணலில் ஒரு மாதக் கோடு வரைந்து பாருங்கள்.

2. அயலிலுள்ள விடுதியோ உணவகமோ மரக்கறி, முட்டை, மீன் ஆகியவற்றை எங்கே வாங்குகின்றது? கேட்டறிந்து வர யார் போகலாம்?

3. எமது குடும்பங்களில் எத்தனை குடும்பங்களுக்குக் காணிப் பத்திரம் கையில் உண்டு? இல்லாதவர்களுக்கு உதவ எவருடன் சேர்ந்து போகலாம்?

4. மார்கேற் மக்கள் தமது ஊரின் தாழ்வுக்கு வந்து தங்கியவர்களைக் குறைசொன்னார்கள். நாம் இடம்பெயர்ந்து போய்த் தங்கிய ஊர்களில் இத்தகைய பேச்சைக் கேட்டதுண்டா? இன்று நாம் வேறு எவரைப் பற்றியாவது அப்படிப் பேசுகிறோமா?

5. கரைவலைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் கமக்காரருக்கும் பொதுவான நன்மை எது? அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைப்பதானால் யார் யாரை அழைக்க வேண்டும்?